எதிரிக்கு இழப்பு அதிகம், தோல்வி எனக்கு: கையில் எதை மிச்சம் வைப்பது?

பதிவு 1 | சுண்டுபகடை

வணக்கம். தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றுவிட்டேன். தோற்றதைவிட, ஐந்திலும் ஒரே மாதிரித் தோற்றதுதான் உறுத்துகிறது. கடைசி ஆட்டத்தை விவரமாக எழுதுகிறேன். எங்கே தவறினேன் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆட்டம் போல்ட் ஆக்‌ஷன். இரண்டாம் உலகப் போரைச் சிறு பொம்மைப் படைகளால் மேசையில் ஆடும் ஆட்டம். பையிலிருந்து ஒவ்வொரு டைஸாக எடுப்போம், யார் நிறம் வருகிறதோ அவர் ஒரு யூனிட்டுக்குக் கட்டளை கொடுப்பார். ஆறடிக்கு நாலடி மேசை. மூன்று இலக்குகள்: என் பக்கம் ஒரு பண்ணைவீடு, அவர் பக்கம் ஒரு நாற்சந்தி, நடுவில் பாலம். ஆறு டர்னோடு, அதாவது ஆறு சுற்றோடு, நிறுத்துவது என்று பேசிக்கொண்டோம். முடியும்போது இலக்கிலிருந்து மூன்று அங்குலத்துக்குள் யாருடைய ஆள் மட்டும் நிற்கிறாரோ அவருக்கு அந்த இலக்கு. என்னிடம் ஐந்து காலாட்படை யூனிட், ஒரு மெஷின்கன், ஒரு மோர்ட்டார், ஒரு டாங்கி. அவரிடமும் ஏறக்குறைய அதே.

முதல் மூன்று டர்ன் என் பக்கம்தான் போனது. மெஷின்கன்னை மேட்டில் வைத்துவிட்டதால் அவருடைய இடப்பக்கம் தலை தூக்கவே முடியவில்லை. ஆட்டம் முடிந்து எண்ணிப் பார்த்தால் அவர் இழந்தது 23 பேர், நான் இழந்தது 9 பேர்.

நான்காவது டர்னில் நடந்ததைச் சொல்கிறேன். என் டாங்கி பாலத்தைப் பார்த்து நின்றது. வலப்பக்கம் சாலையோரத்தில் அடிபட்டுக் கிடந்த ஒரு யூனிட்டில் மூன்றே பேர் மிச்சம். அதை முடித்துவிடலாம் என்று டாங்கியை ஒன்பது அங்குலம் முன்னே எடுத்துச் சுட்டேன். மூன்று பேரும் காலி. ஆனால் அந்த இடத்திலிருந்து பார்த்தால் பண்ணைவீட்டுச் சுவர் மறைக்கிறது, பாலம் தெரியவில்லை. முதல் டர்னிலிருந்து வேலிக்குப் பின்னால் அசையாமல் கிடந்த அவருடைய எட்டுப் பேர் யூனிட் ஐந்தாவது டர்னில் ஓடி வந்தது, ஆறாவதில் பாலத்தில் ஏறியது. அதற்கப்புறம் பையிலிருந்து என் நிற டைஸ் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் பார்த்தேன். பாலத்துக்குப் போகக்கூடிய யூனிட் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இரண்டடிக்கு அப்பால், ஏதோ ஒரு சண்டையில். 2-1 என்று தோல்வி.

அந்த எட்டுப் பேரை நான் நான்கு டர்னாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது சுடவில்லை, ஆகவே அதனால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

என் கேள்வி: நானும் இப்படி ஒரு சேமப்படையை ஒதுக்கி வைக்க வேண்டுமா? ஒதுக்கினால் முன்வரிசை மெலிந்துவிடாதா?

பதிவு 2 | மூன்றாம்கோடு

இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. பாதிப் பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. நான்காவது டர்னில் டாங்கியை எடுத்தீர்களே, அந்த மூன்று பேர் பாலத்துக்கு வந்திருக்க முடியுமா? சாலையோரத்தில், பின் மார்க்கர் (சுடப்பட்டு ஒடுங்கிப்போனதைக் காட்டும் வில்லை) குவிந்து கிடந்த மூன்று பேர். முடியாது என்றே நினைக்கிறேன். அப்படியானால் ஆட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் ஏற்கெனவே செத்தவர்கள்தான். செத்தவர்களை மறுபடி கொல்ல ஒரு டாங்கியின் ஒரு டர்னைக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் வழக்கமாகச் செய்வது, கடைசி டர்னிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. காலாட்படை ஓடினால் 12 அங்குலம். இலக்கைப் பிடிக்க 3 அங்குலத்துக்குள் நின்றால் போதும். ஆக, ஆறாவது டர்ன் தொடங்கும்போது பாலத்திலிருந்து 15 அங்குலத்துக்குள் இருக்கும் யூனிட்தான் பாலத்தைப் பிடிக்கும். ஐந்தாவது டர்ன் தொடங்கும்போது 27 அங்குலம். அதற்கு வெளியே இருப்பது எவ்வளவு பெரிய யூனிட்டாக இருந்தாலும் பாலத்துக்கு உதவாது. வழியில் சதுப்போ வேலியோ இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

நான்காவது டர்ன் முடியும்போது நாடாவை எடுத்து ஒரு முறை அளந்து பாருங்கள். உங்கள் யூனிட்டில் எத்தனை அந்த 27 அங்குலத்துக்குள் இருந்தன, அவருடையவை எத்தனை? வேலிக்குப் பின்னால் கிடந்த யூனிட் சும்மா கிடக்கவில்லை. அது அந்த வட்டத்துக்குள் இடம் போட்டு உட்கார்ந்திருந்தது.

பதிவு 3 | அறுகோணம்

உங்களைப் போல் பொம்மைப் படைகளை வைத்து மினியேச்சர் ஆட்டம் நான் அதிகம் ஆடியதில்லை. அறுகோணக் கட்டமும் அட்டைக் காய்களும்தான் என் உலகம். சார்லஸ் ராபர்ட்ஸ் 1954-ல் வெளியிட்ட ஆட்டத்திலிருந்து அந்த மரபு கிளைத்தது. அங்கே கற்றதைச் சொல்கிறேன், உங்கள் மேசைக்கும் பொருந்தும்.

எங்கள் ஆட்டங்களில் தாக்குபவர் பலத்தையும் தடுப்பவர் பலத்தையும் விகிதமாக்கி, டைஸ் உருட்டி, அட்டவணையில் முடிவைப் பார்ப்போம். விகிதத்தைத் தடுப்பவருக்குச் சாதகமாகக் குறைப்பது பெரும்பாலான ஆட்டங்களில் வழக்கம். 21-க்கு 7 என்றால் 3-1. 20-க்கு 7 என்றால் வெறும் 2-1. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம், அட்டவணையில் ஒரு பத்தியே மாறிவிடும். பல ஆட்டங்களில் 3-1 என்பது நம்பிக்கையோடு அடிக்கக்கூடிய அடி, 2-1 கையைச் சுட்டுக்கொள்ளக்கூடிய அடி. அதனால் நல்ல ஆட்டக்காரர் பின்னால் ஒரு காயை வைத்திருப்பார், பெரிய காய்கூட வேண்டாம். எந்த இடத்தில் ஒரு புள்ளி குறைகிறதோ அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார். சேமப்படையின் முதல் வேலை இந்த மீதி ஒரு புள்ளியைக் கொண்டுவருவது. ஓட்டையை அடைப்பதெல்லாம் அதற்கப்புறம்.

இன்னொன்று. முன்வரிசையில் எதிரியின் கட்டுப்பாட்டு வளையத்துக்குள், அதாவது எதிரிக் காயை ஒட்டிய கட்டங்களில், நிற்கும் காய் நினைத்தபடி நகராது. இரண்டு கட்டம் பின்னால் நிற்கும் காய் எந்தப் பக்கமும் போகும். இரண்டு காய்க்கும் அச்சிட்ட பலம் ஒன்றே. ஆனால் பின்னால் நிற்பதை எதிரி மூன்று இடத்தில் எதிர்பார்த்தாக வேண்டும்.

பதிவு 4 | முதலடி

மன்னிக்கவும், நான் உடன்படவில்லை. சேமப்படை என்பது காதுக்கு இனிமையான சொல். குறுகிய ஆட்டத்தில் அது பெரும்பாலும் வீண்.

நான் ஆடுவது ஒருவர் தன் படை முழுவதையும் நகர்த்திச் சுட்டு முடித்தபின் அடுத்தவர் ஆடும் வகை. மொத்தம் ஐந்து டர்ன். ஒரு யூனிட் இரண்டு டர்ன் சும்மா இருந்தால் அதன் ஆட்டத்தில் 40 சதவீதம் போயிற்று. அதைப் படையில் சேர்க்கக் கொடுத்த புள்ளிகளும் போயிற்று.

கணக்காகவே காட்டுகிறேன். பிரடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1916-ல் ஒரு சமன்பாட்டை எழுதினார். எல்லோரும் எல்லோரையும் குறிபார்த்துச் சுடக்கூடிய சண்டையில் படையின் பலம் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரு பக்கமும் சமமான பத்துப் பத்து யூனிட் என்று வையுங்கள். நான் பத்தையும் இறக்குகிறேன். நீங்கள் இரண்டை ஒதுக்கிவிட்டு எட்டை இறக்குகிறீர்கள். நூறில் அறுபத்து நான்கு போனால் முப்பத்தாறு. உங்கள் எட்டும் அழிந்தபோது என்னிடம் ஆறு மிச்சம். அப்புறம் உங்கள் இரண்டும் வருகின்றன. முப்பத்தாறில் நான்கு போனால் முப்பத்திரண்டு, அதாவது ஐந்தரைக்குச் சற்று மேல். சமமாகத் தொடங்கிய ஆட்டத்தில் எனக்குப் பாதிக்கு மேல் மிச்சம், உங்களுக்கு ஒன்றுமில்லை.

சுண்டுபகடையின் எதிராளி ஜெயித்தது டாங்கி திரும்பியதால். டாங்கி அங்கேயே நின்றிருந்தால் அந்த எட்டுப் பேரும் வெட்டவெளியில் ஓடி வந்து செத்திருப்பார்கள். அப்போது அந்தச் சேமப்படையைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டோம்.

பதிவு 5 | புதுமுனை

நான் ஆடத் தொடங்கி சில மாதம்தான் ஆகிறது. கேட்கலாமா? டைஸ் இருக்கும்போது இவ்வளவு கணக்கும் எப்படி நிற்கும்? நான் ஆறு டைஸ் உருட்டி நாலோ அதற்கு மேலோ வர வேண்டும் என்றால் மூன்று வரும் என்று எண்ணித்தான் திட்டம் போடுகிறேன். வருவதில்லை.

பதிவு 6 | மூன்றாம்கோடு

புதுமுனைக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆறு டைஸில் ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி என்றால் சராசரி மூன்று, சரி. ஆனால் மூன்றோ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு 64-ல் 42, அதாவது சுமார் 66 சதவீதம். மூன்று முறை ஆடினால் ஒரு முறை மூன்றுகூட வராது. இப்படி ஒரு படி தேறினால்தான் அடுத்த படி என்று இரண்டு படி வைத்தால் 43 சதவீதம். மூன்று படி வைத்தால் 28. "முதலில் மெஷின்கன்னை அடக்குகிறேன், பிறகு புகை போடுகிறேன், பிறகு பாய்கிறேன்" என்று நாம் மனத்தில் கோத்து வைக்கும் அழகான திட்டம் பத்தில் ஏழு முறை நடுவிலேயே அறுந்துவிடும். உங்கள் டைஸ் கெட்ட டைஸ் அல்ல. சங்கிலி நீளம்.

டைஸைக் கட்டுப்படுத்த முடியாது, டைஸ் உருட்டும் முன் நிற்கும் இடத்தை மாற்றலாம். இரண்டு டைஸ் கூட்டுத்தொகை எவ்வளவோ அவ்வளவு அங்குலம் பாயலாம் என்ற விதி சில ஆட்டங்களில் உண்டு. 9 வேண்டும் என்றால் வாய்ப்பு 28 சதவீதம். 8 என்றால் 42. 7 என்றால் 58. எட்டிலிருந்து ஏழுக்கு வர ஒரே ஒரு அங்குலம், அதற்குப் பதினாறு சதவீதம் கூடுகிறது. போன டர்னில் அந்த ஒரு அங்குலத்தை அலட்சியமாக விட்டவர்தான் இந்த டர்னில் டைஸைத் திட்டுவார். நானும் திட்டியிருக்கிறேன்.

இப்போது முதலடிக்கு. உங்கள் கணக்கு சரி, அதன் நிபந்தனையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: எல்லோரும் எல்லோரையும் சுட முடிய வேண்டும். நம் மேசையில் அப்படி நடக்கிறதா? நடுவில் காடு, இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் மேடு. சுண்டுபகடையின் பாலத்தில் நான்கு பேர் நின்றால் இடம் தீர்ந்தது. அங்கே பத்துக்குப் பத்து என்றாலும், எட்டுக்குப் பத்து என்றாலும், முன்னால் நிற்கும் நாலுக்கு நாலுதான் சண்டை. லான்செஸ்டரிடமே இதற்கு வேறு கணக்கு இருக்கிறது, அங்கே வர்க்கம் கிடையாது, ஆளுக்கு ஆள் நேராகக் கழியும். அந்த இடத்தில் இரண்டு யூனிட்டைப் பின்னால் வைப்பதால் உங்களுக்கு ஒரு குண்டுகூடக் குறையாது.

பதிவு 7 | முதலடி

இதை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. எந்த யூனிட்டை ஒதுக்குகிறோம் என்பதுதான் எல்லாம். முதல் இரண்டு டர்னில் எப்படியும் சுட இலக்கு கிடைக்காத யூனிட் எது? குறைந்த தூரம் சுடும் யூனிட், காட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டிய யூனிட். அதை ஒதுக்கினால் செலவு இல்லை. மேட்டில் ஏறியிருக்க வேண்டிய மெஷின்கன்னை "சேமம்" என்று பின்னால் வைத்தால் அது தற்கொலை. முப்பத்தாறு அங்குலம் சுடக்கூடியதைச் சுட விடாமல் வைப்பதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் நஷ்டம்தான்.

என் பதிவில் சேமப்படை என்றால் படையின் ஒரு பங்கு என்று நினைத்து எழுதினேன். அப்படி இல்லை போலிருக்கிறது.

பதிவு 8 | அறுகோணம்

சரியாகப் பிடித்தீர்கள். எதிரி இன்னும் கட்டிப்போடாத யூனிட் எதுவோ அது சேமப்படை. அது முன்வரிசையில்கூட இருக்கலாம்.

பதிவு 9 | களநோக்கி

இழையை இப்போதுதான் முழுவதும் படித்தேன். எனக்கு வேறு ஒரு இடத்தில் முள் தைக்கிறது. 23 பேர், 9 பேர் என்ற எண்ணிக்கை. சுண்டுபகடை அதை முதலில் சொன்னார், பாலத்தைப் பிறகு சொன்னார். ஆட்டம் நடக்கும்போதும் அவர் மனத்தில் அதே வரிசைதான் இருந்திருக்கும்.

நம் பழைய புறத்திணைகளை நினைத்துப் பாருங்கள். ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. மண்ணைக் கருதிப் படையெடுப்பது வஞ்சி. மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி. இரு படையும் வலிமையைக் காட்ட நேருக்கு நேர் மோதுவது தும்பை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பூ, தனித் துறைகள். போர் என்றால் ஒன்றுதான் என்று அவர்கள் நினைக்கவில்லை. எதற்காகப் போகிறோம் என்பதை வைத்துப் பெயரிட்டார்கள், அந்தப் பெயரைத் தலையில் சூடிக்கொண்டு போனார்கள்.

எப்படி வெல்வது என்று சொல்லும் நம் சூழல் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். கிடங்கிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தால் வெற்றி என்பது வெட்சி. எதிரியின் கோட்டைப் பகுதிக்குள் நுழைவது உழிஞை. ஆறு டர்ன் தாக்குப்பிடிப்பது நொச்சி. நாமோ எல்லாவற்றையும் தும்பையாகவே ஆடுகிறோம். மாட்டை ஓட்டிக்கொண்டு போக வந்தவன் காவல்காரர்களை எல்லாம் கொன்று முடித்துவிட்டுத்தான் மாட்டைத் தொடுவேன் என்றால் விடிந்துவிடும்.

சுண்டுபகடையின் எதிராளி அன்று வெட்சி ஆடினார். அவருக்கு வேண்டியது பாலம், அதற்கு எட்டுப் பேர். மற்ற எல்லோரும் நம் நண்பரின் கண்ணை வேறு பக்கம் வைத்திருக்க வந்தவர்கள்.

ஒரு பழக்கம் சொல்கிறேன். படையை இறக்குவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதி வைப்பேன்: "கடைசி டர்ன் முடிவில் இந்த யூனிட் இந்த இடத்தில்." அவ்வளவுதான். மூன்றாவது டர்னில் அதை எடுத்துப் படிப்பேன். என் வியூகம் என்பது அந்த வாக்கியம் மட்டும்தான், மற்றதெல்லாம் களத்தில் பார்த்துக்கொள்ளும் உத்தி. உத்தியில் கெட்டிக்காரராக இருந்து தோற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறார்கள்.

பதிவு 10 | நடுவர்மேசை

களநோக்கியின் துண்டுச் சீட்டை நானும் இனி வைத்துக்கொள்கிறேன். வரலாற்றுப் பக்கமிருந்து இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-ல் தன் தந்தையின் ஆட்டத்தைத் திருத்தி விதிகளாக வெளியிட்டார். கிரீக்ஸ்ஷ்பீல் என்று பெயர். 1:8000 அளவில் வரைபடம், ஒரு டர்ன் என்பது களத்தில் இரண்டு நிமிடம். இரு தரப்பும் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். நடுவர் உங்களுக்குத் தெரியக்கூடியதை மட்டும் வரைபடத்தில் வைப்பார். அந்த ஆட்டத்தில் வேலிக்குப் பின்னால் கிடக்கும் எட்டுப் பேர் உங்கள் கண்ணுக்கே படமாட்டார்கள். நம் மேசையில் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். சுண்டுபகடை அந்த யூனிட்டைப் பார்த்தார். அது எதற்கு அங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

இரண்டாவது, லிவர்பூலில் 1942 ஜனவரியில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி தொடங்கிய பயிற்சிப் பிரிவு. அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல் அணிகளை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். ஓர் அறையின் தரையையே கடலாக்கி, சாக்கட்டியால் தடம் வரைந்து ஆடினார்கள். காவல் கப்பல்களை நடத்தும் ஆட்டக்காரர்கள் திரைக்குப் பின்னால் நின்று ஓட்டை வழியாக மட்டும் பார்க்கலாம். அவரோடு வேலை செய்த பலர் இளம் பெண்கள். ஜீன் லெய்ட்லா, ஜேனட் ஓகல் என்ற இருவரும் அவர்களில் உண்டு.

நடந்த சண்டைகளை அங்கே மறுபடி ஆடிப் பார்த்தார்கள். நீர்மூழ்கி வெளியே நின்றுதான் சுடுகிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள், அதனால் காவல் கப்பல்கள் வெளிப்பக்கம் விரைந்து தேடின. எதிரியின் இடத்தில் நின்று ஆடிப் பார்த்தபோது அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. நீர்மூழ்கி இரவில் பின்பக்கமாக வந்து, கப்பல் வரிசைகளுக்கு உள்ளேயே நுழைந்து சுட்டால்தான் ஒத்துவந்தது. அதிலிருந்து பிறந்த எதிர் உத்திக்கு லெய்ட்லா வைத்த பெயர் ராஸ்பெரி.

சுண்டுபகடைக்கு என் யோசனை: அந்த ஆட்டத்தின் நான்காவது டர்ன் நிலையை மறுபடி மேசையில் அமையுங்கள். எதிராளியின் பக்கம் உட்கார்ந்து நீங்களே ஆடிப் பாருங்கள். அந்த நாற்காலியிலிருந்து உங்கள் டாங்கி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

பதிவு 11 | புதுமுனை

டைஸ் கணக்குக்கு நன்றி. 64-ல் 42 என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. வீட்டில் மெமுவார் 44 என்ற பலகை ஆட்டம் இருக்கிறது. அதில் அட்டை வந்தால்தான் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என்று நகர்த்த முடியும். அதில் சேமப்படைக்கு இடம் உண்டா?

பதிவு 12 | அறுகோணம்

உண்டு, ஆனால் மேசையில் தேடாதீர்கள், கையில் தேடுங்கள். மெமுவார் 44 போல ரிச்சர்ட் போர்க் அமைத்த ஆட்டங்களில் வலப்பக்கம் மூன்று யூனிட் தயாராக நின்றாலும் வலத்துக்கான அட்டை இல்லையென்றால் அவை சிலைதான். ஒரு நல்ல அட்டையை இரண்டு மூன்று டர்ன் ஆடாமல் வைத்திருப்பது அங்கே சேமப்படை. வெறும் சிறு நகர்வு அட்டைகளால் காலம் தள்ளி, அந்தப் பக்கம் யூனிட்டுகளைச் சேர்த்து, பிறகு போட வேண்டும்.

பில் பார்க்கரின் டிபிஏ என்ற பழங்காலப் போர் ஆட்டம் இன்னும் கறாரானது. 1990-ல் வந்தது, ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டே காய்த்தொகுதி. ஒவ்வொரு டர்னும் ஒரு டைஸ். ஒன்று விழுந்தால் ஒரு தொகுதியை அல்லது ஒட்டி நிற்கும் ஒரு குழுவை மட்டும் நகர்த்தலாம். படையைச் சிதறவிட்டவருக்கு ஒன்று விழுந்தால் அந்த டர்ன் முடிந்தது. ஒட்டி நிறுத்தியவருக்கு ஒன்று விழுந்தாலும் ஒரு வரிசையே நகரும். அங்கே நான்கு தொகுதி போனாலே பெரும்பாலும் தோல்வி என்பதால், அடிபட்டதை மாற்ற ஒன்றிரண்டு தொகுதியைப் பின்வரிசையில் ஒட்டினாற்போல் வைப்பார்கள். தள்ளி வைத்தால் அதை அழைத்து வரவே டைஸில் விழுந்ததில் தனியாக ஒரு புள்ளி செலவாகும்.

பதிவு 13 | முதலடி

இதைச் சுண்டுபகடையின் ஆட்டத்துக்கே திருப்புகிறேன். பையிலிருந்து டைஸ் எடுக்கும் ஆட்டத்தில் காலத்திலும் சேமம் வைக்கலாம். உங்கள் நிற டைஸ் வரும்போது உடனே முக்கியமான யூனிட்டுக்குக் கொடுக்காமல், மோர்ட்டாருக்கோ ஓரத்தில் நிற்பவருக்கோ கொடுங்கள். முக்கியமான யூனிட் டர்னின் கடைசி வரை கட்டளை பெறாமல் இருக்கட்டும். எதிரி தன் டைஸையெல்லாம் தீர்த்தபின் அது நகர்ந்தால் பதில் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. ஆபத்து என்னவென்றால், காத்திருக்கும் நேரத்தில் அந்த யூனிட் அடிபட்டு பின் மார்க்கர் வாங்கிவிட்டால் கட்டளைச் சோதனையில் (கட்டளையை ஏற்கிறதா என்று டைஸ் உருட்டிப் பார்ப்பதில்) தவறலாம். அதனால் மறைவில் நிற்பதற்குத்தான் இது பொருந்தும்.

டாங்கிக்கு அன்று ஆம்புஷ் கட்டளை (காத்திருந்து, எதிரி நகரும்போது சுடுவது) கொடுத்து பாலத்தைப் பார்க்க நிறுத்தியிருந்தால் போதும். ஒரு டர்ன் எதையும் கொல்லாமல் இருக்க மனசு வர வேண்டும், அதுதான் கடினம்.

பதிவு 14 | சுண்டுபகடை

எல்லோருக்கும் நன்றி. நடுவர்மேசை சொன்னபடி நிலையை அமைத்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். அந்த நாற்காலியிலிருந்து என் படை முழுவதும் வலப்பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. மூன்று யூனிட்டும் டாங்கியும் ஒரே மூலையில். என் நாற்காலியில் இருந்தபோது அது வெற்றிகரமான முன்னேற்றமாகத் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் பாலத்துக்கு ஒரு திறந்த வழி.

நேற்று அதே எதிராளியோடு மறுபடி ஆடினோம், அதே மேசை, அதே இலக்குகள். துண்டுச் சீட்டில் "ஆறாவது டர்ன், இரண்டாவது யூனிட், பாலம்" என்று எழுதினேன். இரண்டாவது யூனிட்டைப் பண்ணைவீட்டுச் சுவருக்குப் பின்னால், பாலத்திலிருந்து 18 அங்குலத்தில் வைத்தேன். அதில் இருப்பது சப்மெஷின்கன், 12 அங்குலத்துக்கு மேல் எட்டாது, ஆக முதலடி சொன்னபடி அதற்கு முதல் டர்ன்களில் வேலையும் இல்லை.

ஆட்டம் சமன். பாலத்தில் இரண்டு பேருடைய ஆட்களும் மூன்று அங்குலத்துக்குள் நின்றதால் யாருக்கும் இல்லை. எனக்கு இழப்பு 17, அவருக்கு 14. போன முறையைவிட மோசம். ஆனாலும் ஐந்து ஆட்டத்தில் கிடைக்காத ஒன்று இதில் கிடைத்தது. மூன்றாவது டர்னில் அவர் கையில் டைஸை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார், என் சுவரையே பார்த்துக்கொண்டு. பிறகு நாற்சந்தியிலிருந்து முன்னே வரவேண்டிய இரண்டு யூனிட்டை அங்கேயே நிறுத்திவிட்டார். ஆட்டம் முடிந்தபின் கேட்டேன். "அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எப்போது வருவார்கள் என்று தெரியவில்லை" என்றார். சுடாத என் எட்டுப் பேர் அவருடைய பதினாறு பேரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். நான் ஐந்தாவது டர்னில் கிளம்பினேன். நான்காவதிலேயே கிளம்பியிருந்தால் பாலத்தில் முதலில் ஏறியிருப்பேன், ஆனால் அவருடைய மெஷின்கன் அப்போது உயிரோடு இருந்தது. எப்போது விடுவது என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பதிவு 15 | மூன்றாம்கோடு

நல்ல ஆட்டம். 18 அங்குலம் என்றால் கடைசி டர்னில் மட்டும் ஓடி எட்ட முடியாது, 15-ஐத் தாண்டிவிட்டது. ஐந்தாவதில் கிளம்பியே ஆக வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறீர்கள், அதை எதிராளியும் அளந்திருப்பார். அதே சுவரின் கிழக்கு முனையில், 14 அங்குலத்தில் வைத்திருந்தால் ஐந்தாவதிலும் கிளம்பலாம், ஆறாவதிலும் கிளம்பலாம். விடும் நேரம் படையை இறக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது.

மீதிப் பாதிக்கு நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எதிரியிடம் இன்னும் கட்டளை பெறாத, பாலத்தைப் பார்க்கும் யூனிட் எத்தனை? ஒன்றுக்கு மேல் இருந்தால் விடமாட்டேன்.

பதிவு 16 | களநோக்கி

சுண்டுபகடை, மூன்றாவது டர்ன் முடிவில் எந்த யூனிட் எங்கே நின்றது என்று அங்குலக் கணக்கோடு இங்கே போடுங்கள். நான் உங்கள் எதிராளியின் பக்கம் எடுக்கிறேன், மூன்றாம்கோடு உங்கள் பக்கம் எடுக்கட்டும், நடுவர்மேசை டைஸ் உருட்டட்டும். சுவருக்குப் பின்னால் இருக்கும் எட்டுப் பேரை மட்டும் 14 அங்குலத்துக்கு நகர்த்தி வையுங்கள். நாற்சந்தியில் அந்த இரண்டு யூனிட்டை நான் நிறுத்துவேனா என்று எனக்கே தெரிய வேண்டும்.